சமையலறை ரேடியோவில் அமர்ந்த மெல்லிய சத்தம்: ஞாயிறு காலை ஆலய இசை நிகழ்ச்சி ஒன்றைத் தயாரித்த அனுபவம்

இங்கிலாந்தில் நான் இருக்கும் சின்ன ஊரில் ஒரு சமூக வானொலி இருக்கிறது. வேலை பார்க்கிற எல்லோரும் தன்னார்வலர்கள்தான். ஞாயிறு காலை 7 மணிக்கு அதில் ஆலய இசை வரும். பாடகர் குழுவும், குழாய்களில் காற்றை ஊதி ஒலிக்கும் பைப் ஆர்கனும் மட்டும், ஒரு மணி நேரம். பல வருடமாக அதை நடத்தி வந்தவர் மகளோடு இருக்க வேறு ஊருக்குப் போய்விட்டார். 2025 ஜூன் 22ஆம் தேதியிலிருந்து அது என் பொறுப்பு. அந்த முதல் நிகழ்ச்சியைக் கட்டிய விதத்தை இங்கே எழுதி வைக்கிறேன். நம்மில் ஆலயப் பாடகர் குழுவை ஒலிப்பதிவு செய்கிறவர்கள், இணைய வானொலி நடத்துகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சில இடங்களாவது பயன்படும்.

இந்த இசைக்கும் ரேடியோவுக்கும் அடிப்படையிலேயே ஒரு பொருத்தமின்மை உண்டு. கார் இரைச்சலிலும் கடைச் சத்தத்திலும் கேட்க வேண்டும் என்பதற்காக, எஃப்.எம். நிலையங்கள் மெல்லிய சத்தத்தை ஏற்றி, பெரிய சத்தத்தை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து அனுப்புகின்றன. சினிமாப் பாட்டுக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. ஆலய இசைக்கு உயிர் போய்விடும். நான்கு பேர் முணுமுணுப்பதுபோல் தொடங்கி, ஆர்கன் முழுக்கத் திறந்து தரை அதிரும் இடம்வரை போகிற இசை இது. அந்த ஏற்ற இறக்கத்தைக் காப்பாற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் வேலை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். பாட்டுகளைத் தேர்ந்தெடுத்ததும் இதை மனதில் வைத்துத்தான்.

தேர்வுக்குத் துணை திருச்சபை நாட்காட்டி. பல சபைகள் பொதுவாகப் பின்பற்றும் மூன்றாண்டு வேதபாட அட்டவணையில், அந்த ஞாயிற்றுக்கு 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரமும் 42, 43ஆம் சங்கீதங்களும் வருகின்றன. எலியா உயிருக்குப் பயந்து ஓரேப் மலைக்கு ஓடுகிறார். பெருங்காற்று வருகிறது, பூமி அதிர்கிறது, அக்கினி வருகிறது. ஒன்றிலும் கர்த்தர் இல்லை. கடைசியில் அமர்ந்த மெல்லிய சத்தம். சத்தத்தின் அளவைப் பற்றியே பேசுகிற ஒரு வேதபாடம் முதல் நிகழ்ச்சிக்கு வாய்த்ததை நான் பெரிய கொடையாக நினைத்தேன். கத்தோலிக்க நாட்காட்டியில் அதே ஞாயிறு கிறிஸ்துவின் திருவுடல், திருஇரத்தப் பெருவிழா. ஆக எனக்கு மூன்று இழைகள் கிடைத்தன: நீரோடைக்கு ஏங்கும் மான், எலியா, நற்கருணை.

அந்த மான் வரும் 42ஆம் சங்கீதத்துக்கு எத்தனையோ இசையமைப்புகள் உண்டு. லத்தீன் வேதாகமத்தில் அதன் எண் 41. சி.டி. உறையில் 41 என்று போட்டிருந்தால் வேறு சங்கீதம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். முதலில் கிரகோரியன் பண், பழைய லத்தீன் ஆலயப் பாட்டு. ஈஸ்டருக்கு முந்தின இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பில், தண்ணீரை ஆசீர்வதிக்க ஞானஸ்நானத் தொட்டியை நோக்கிப் போகும்போது மரபாகப் பாடி வந்தது. துணை இசை கிடையாது, ஒற்றை ராகக்கோடு. அதைத் தொட்டு அடுத்ததாக இத்தாலிய இசையமைப்பாளர் பாலஸ்த்ரீனாவின் ‘சிகுத் செர்வுஸ்’ (‘மானைப் போல’). 1594இல் அவர் இறந்து பத்து வருடம் கழித்து 1604இல் அச்சான நான்கு குரல் பாட்டு. ஆண்களின் உயர் குரலான டெனர் முதலில் தனியாக எடுக்கும், அப்புறம் பெண்களின் தாழ்ந்த குரலான ஆல்டோ, உயர் குரலான சோப்ரானோ, ஆண்களின் தாழ்ந்த குரலான பாஸ் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். ஒரு குரல் மூச்சுவிடும் இடத்தில் இன்னொரு குரல் பிடித்துக்கொள்வதால் பாட்டு எங்கேயும் நிற்பதே இல்லை. பலரும் முதல் பகுதியோடு நிறுத்திவிடுவார்கள். தாகத்தைப் பற்றிய இரண்டாம் பகுதியும் சேர்ந்தால்தான் அது முழுமை. இரண்டையும் போட்டேன்.

அடுத்தது ஜெனீவாவுக்குப் போனேன். 1551இல் அங்கே இதே சங்கீதத்துக்காக அச்சான ஒரு மெட்டு ஜெர்மனிக்குப் போய், ‘ஃப்ராய் டிஷ் ஸேர்’ என்ற லுத்தரன் பாமாலையின் மெட்டாகிவிட்டது. அதை வைத்து ஆர்கனுக்கு மாறுபாட்டுத் தொடர் ஒன்று எழுதியவர் கேயோர்க் பூம். லூனெபுர்க் நகரின் புனித யோவான் ஆலயத்தில் 1698 முதல் 1733 வரை ஆர்கன் வாசித்தவர். பின்னாளில் பெரும் இசையமைப்பாளரான பாக் பதினைந்து வயதில் அந்த ஊருக்குப் படிக்க வந்தபோது அங்கே இருந்தவர் அவர்தான். தொடரில் மொத்தம் பன்னிரண்டு பகுதிகள். அதில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். அப்புறம் ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்ஸோன். 1837இல் திருமணமாகித் தேனிலவுப் பயணத்தில் இருந்தபோது இதே சங்கீதத்துக்கு இசையமைக்கத் தொடங்கினார். அதன் முதல் கோரஸில் ஆல்டோ முதலில் எடுக்கும். வழக்கமாக நடுவில் அமுங்கிப்போகும் குரலுக்கு இப்படி ஒரு தொடக்கம் கிடைப்பது அபூர்வம்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் நெருக்கமானது ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹெர்பர்ட் ஹவல்ஸ் 1941 ஜனவரியில் எழுதிய ‘லைக் அஸ் த ஹார்ட்’ (இதற்கும் ‘மானைப் போல’ என்றுதான் பொருள்). லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்த காலம். அதற்கு ஐந்தாறு வருடம் முன்பு, 1935இல், ஒன்பது வயது மகன் மைக்கேலை போலியோவுக்குப் பறிகொடுத்தவர் அவர். ஆர்கன் ஒன்றிரண்டு வரி மெல்ல வாசிக்க, டெனரும் பாஸும் ஒரே குரலாகத் தாழ்ந்து தொடங்குவார்கள். ராகத்தில் ஜாஸ் வாசனை அடிக்கும் ஒரு சுரம் அங்கங்கே எட்டிப் பார்க்கும். தேவன் எங்கே என்று ஜனங்கள் கேட்கிற வரிக்கு வரும்போது குரல்கள் மேலேறி முறையிடும். முடிவில் சோகச் சாயலுள்ள இ மைனர், வெளிச்சமான இ மேஜராக மாறி, ஏக்கம் தீராமலே அமைதியாகும். பாலஸ்த்ரீனாவின் மான் நீரோடையைப் பார்த்துவிட்ட மான் என்று எனக்குத் தோன்றும். ஹவல்ஸின் மான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.

எலியாவுக்கு வேறு யோசிக்கவே வேண்டாம். 1846 ஆகஸ்ட் 26ஆம் தேதி பர்மிங்காம் நகர மண்டபத்தில் மெண்டல்ஸோன் தானே நடத்தி அரங்கேற்றிய ‘எலியா’ என்ற ஆரட்டோரியோவில் (நடிப்பில்லாமல் பாட்டாகவே சொல்லும் வேதக் கதை) 34ஆம் எண் கோரஸ் இதே காட்சிதான். காற்று, பூகம்பம், அக்கினி ஒவ்வொன்றும் பெரிதாக எழும். ஒவ்வொன்றுக்கும் பிறகு, கர்த்தர் அதில் இல்லை என்று குழு தாழ்ந்த குரலில் சொல்லும். அந்த மெல்லிய சத்தம் வரும்போது இசை இ மேஜருக்கு மாறும். நற்கருணைக்கு இரண்டு பாட்டு: 1791 ஜூன் 17ஆம் தேதியிட்ட மோட்ஸார்ட்டின் ‘ஆவே வேரும்’, 1937இல் மெஸ்ஸியான் எழுதிய ‘ஓ சாக்ரும் கொன்விவியும்’. முதலாவது மொத்தமே 46 தாளக்கட்டுதான், தொடக்கத்திலேயே அடங்கிய குரலில் பாடும்படி மோட்ஸார்ட் குறித்திருக்கிறார். இரண்டாவது அதைவிட மெல்லியது.

நிகழ்ச்சியைத் திறக்க பாக்கின் ‘லீப்ஸ்டர் யேசு’, அவர் படைப்புப் பட்டியலில் 731ஆம் எண் ஆர்கன் பாட்டு. முடிக்க மெண்டல்ஸோனின் முதல் ஆர்கன் சொனாட்டாவின் கடைசிப் பகுதி, எஃப் மேஜரில் பாய்ந்து ஓடுவது. லண்டன் பதிப்பாளர் ஒருவர் கேட்டதற்கு இணங்க எழுதி 1845இல் வெளியான ஆறு சொனாட்டாக்களில் முதலாவது அது.

நேரக் கணக்கை இப்படிப் போட்டேன். மணியடித்ததும் மூன்று நிமிடம் செய்தி போய்விடும், மிச்சம் 57. இசை 48, பேச்சு 8. மீதி ஒரு நிமிடத்தை வேண்டுமென்றே காலியாக விட்டேன். பெரிய ஆலயங்களில் பாட்டு முடிந்த பிறகும் எதிரொலி ஐந்தாறு நொடி நிற்கும். அதை வெட்டி அடுத்ததைத் தொடங்கினால் முகத்தில் கதவைச் சாத்தியதுபோல் இருக்கும். ஒவ்வொரு பாட்டுக்குப் பின்னும் எதிரொலி முழுக்க அடங்கி, மேலும் இரண்டு நொடி கழித்துத்தான் நான் பேசுவேன். கடைசி ஆர்கன் பாட்டை மட்டும் பின்னாலிருந்து கணக்குப் பண்ண வேண்டும். எட்டு மணிக்குச் சரியாக முடிய அது எப்போது தொடங்க வேண்டும் என்று பார்த்து, அதற்குத் தக்கபடி முன்னால் வரும் பேச்சைக் கூட்டிக் குறைக்கலாம்.

பாட்டுகள் அடுத்தடுத்து வரும்போது சுருதி உறவையும் பார்க்க வேண்டும். ஹவல்ஸ் இ மேஜரில் முடிகிறது, ‘எலியா’ கோரஸ் இ மைனரில் தொடங்குகிறது. நடுவில் ஒரே ஒரு வரி சொன்னால் போதும், இரண்டும் ஒரே மூச்சாக இருக்கும். ஆனால் ‘எலியா’வை அடுத்து நான் வைத்திருந்த பாமாலை இ ஃப்ளாட்டில் இருந்தது. இ மேஜர் அடங்கிய கையோடு அரை சுரம் இறங்கினால், பாடகர்கள் சுருதி விட்டுவிட்டதுபோலக் காதுக்குப் படும். அந்த இடத்தில் அரை நிமிடம் பேசினேன். அவ்வளவு நேரம் பேச்சு கேட்டால் போதும், பழைய சுருதி காதில் நிற்பதில்லை.

அந்தப் பாமாலை ‘ரெப்டன்’ மெட்டில் அமைந்தது. அரை நிமிடத்தில் சொல்ல நிறைய இருந்தது. மெட்டு ஹியூபர்ட் பாரி 1888இல் எழுதிய ‘யூதித்’ என்ற ஆரட்டோரியோவிலிருந்து எடுத்தது. வார்த்தைகள் அமெரிக்கக் கவிஞர் விட்டியர் 1872இல் எழுதிய கவிதையின் கடைசிப் பகுதி. கவிதையின் தொடக்கம் எது தெரியுமா? வேதகால இந்தியாவில் சோம பானம் காய்ச்சும் காட்சி. போதையாலும் கூச்சலாலும் கடவுளைத் தேடுகிறவர்களைச் சொல்லிவிட்டு, அமைதியைக் கேட்கும் ஜெபமாக அது முடிகிறது. விட்டியர் குவேக்கர் சபைக்காரர். மௌனமாக உட்கார்ந்து ஆராதிக்கிற சபை அது. 1924இல் ரெப்டன் பள்ளியில்தான் வார்த்தையும் மெட்டும் முதலில் சேர்ந்தன. கடைசிச் சரணம் பூகம்பத்தையும் காற்றையும் அக்கினியையும் கடந்து அந்த மெல்லிய சத்தத்துக்கே வந்து நிற்கும்.

இந்த ஒன்றை மட்டும் எங்கள் ஊர் ஆலயத்திலேயே பதிவு செய்தேன். விற்பனைக்கு வந்த இசைத்தட்டுகளை ஒலிபரப்ப நிலையம் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்டுகிறது. உள்ளூர்க் குழு பாடுவதை ஒலிபரப்ப அவர்களிடமே எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். ஆர்கனிஸ்டிடமும் தனியாக வாங்கினேன்.

பதிவுக்கு இரண்டே மைக். 17 சென்டிமீட்டர் இடைவெளி, இரண்டுக்கும் நடுவே 110 பாகை கோணம். பிரெஞ்சு வானொலிக்காரர்கள் வகுத்த அமைப்பு இது. உயரமான ஸ்டாண்டில், குழுவிலிருந்து நாலு மீட்டர் தள்ளி வைத்தேன். ஆளுக்கொரு மைக் வைத்தால் தனித்தனிக் குரல்கள் துல்லியமாகக் கேட்கும், குழு என்ற ஒன்று கேட்காது. அமெரிக்காவின் சால்ட் லேக் நகரிலிருந்து டாபர்னக்கிள் குழுவின் வாராந்தர நிகழ்ச்சி 1929 ஜூலை 15ஆம் தேதி தொடங்கியபோது இருந்தது ஒரே மைக். அதைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். அறிவிப்பாளர் ஏணியில் ஏறி நின்று பேசினார். குழுவுக்கும் ஆர்கனுக்கும் நடுவே சமன் பார்க்க மிக்சர் கிடையாது, பாடுகிறவர்களும் வாசிக்கிறவரும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல கூடத்தில் இன்றைக்கும் அதுதான் சரியான வழி என்பது என் எண்ணம். ஆர்கன் அதிகமாகப் படும்போது நான் மைக்கைத் தொடவில்லை. ஆர்கனிஸ்டிடம் போய் ஒரு ஸ்டாப்பை, அதாவது ஒரு குழாய் வரிசையைத் திறக்கும் குமிழை, உள்ளே தள்ளி மூடச் சொன்னேன்.

அந்த வாரம் இங்கே கடும் வெயில். ஆர்கனுக்கு வெயில் ஆகாது. காற்று சூடானால், புல்லாங்குழல்போல வெறும் காற்றால் ஒலிக்கும் ஃப்ளூ குழாய்களின் சுருதி ஏறும், ஒரு பாகை செல்சியஸுக்குச் சுமார் 3 சென்ட். அரை சுரத்துக்கு 100 சென்ட். குளிர்காலத்தில் 16 பாகையில் சுருதி சேர்த்த ஆர்கன் 28 பாகையில் கிட்டத்தட்ட 36 சென்ட் ஏறியிருக்கும். எல்லாக் குழாயும் சேர்ந்து ஏறினால் பரவாயில்லை. ஆனால் டிரம்பெட் மாதிரி ரீட் குழாய்களில் சத்தத்தை உண்டாக்குவது பித்தளை நாக்கு, அவை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே நிற்கும். இரண்டையும் சேர்த்துத் திறந்தால் உராயும். ஆர்கனிஸ்ட் ஒரு கார்டு வாசித்துக் காட்டினார். சத்தத்துக்குள் வேகமான ஒரு நடுக்கம், எச்சில் ஊறவைக்கிற புளிப்பு மாதிரி. அன்றைக்கு ரீட் எதையும் தொடாமல், கடைசிச் சரணத்துக்கும் ஃப்ளூ குழாய்களை மட்டும் வைத்து வாசித்தார். அந்தச் சரணத்துக்கு அதுதான் பொருத்தமாகவும் இருந்தது. எல்லாம் முடிந்து ஆட்கள் கிளம்பிய பிறகு, ஆர்கனின் ஊதுகருவியை ஓடவிட்டு ஒரு நிமிடம் வெறும் ஆலயத்தை மட்டும் பதிவு செய்துகொண்டேன். இதை எப்போதும் செய்யுங்கள். பின்னால் இரண்டு துண்டை ஒட்டும்போது இடைவெளியில் வைக்க அந்த அமைதி வேண்டும். பூஜ்ய அமைதியை வைத்தால் பள்ளம் விழுந்ததுபோலக் காட்டிக் கொடுத்துவிடும்.

இனி முக்கியமான வேலை, சத்த மட்டம். சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது இரைச்சல் சுமார் 55 டெசிபல் இருக்கும். ஞாயிறு காலையில் 75க்கு மேல் யாரும் ரேடியோ வைப்பதில்லை. ஆக இசைக்குக் கிடைக்கிற இடம் 20 டெசிபல்தான். ‘எலியா’ கோரஸில் உச்சத்துக்கும் அடித்தளத்துக்கும் 40 டெசிபலுக்கு மேல் வித்தியாசம். பாதியை எங்கேயாவது விட்டுத்தான் ஆக வேண்டும். எங்கே விடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் கம்ப்ரஸர், அதாவது சத்த வித்தியாசத்தைத் தானாகக் குறைக்கும் கருவி, போட்டு ஒரு பிரதி எடுத்தேன், ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது வேண்டும் என்பதற்காக. எங்கள் ஊரிலேயே என் அத்தை இருக்கிறார். பாளையங்கோட்டையில் இருந்த காலத்தில் ஆலயத்தில் ஆல்டோ பாடியவர், ஞாயிறு நிகழ்ச்சியைத் தவறவிடமாட்டார். அவர் சமையலறை ரேடியோவில் பென் டிரைவ் செருக இடம் உண்டு. இரண்டு பிரதிகளையும் கொண்டுபோனேன், ஒன்று கம்ப்ரஸர் போட்டது, இன்னொன்று இசைத்தட்டில் இருந்தபடியே. இசைத்தட்டுப் பிரதியில் மெல்லிய இடம் வந்ததும் அடுப்படியிலிருந்து கேட்டார்:

“ஏலே, பாட்டு நின்னு போச்சா?”

“இல்ல அத்தை, ஓடிக்கிட்டுதான் இருக்கு.”

கம்ப்ரஸர் பிரதியைப் போட்டேன். எல்லாம் தெளிவாகக் கேட்டது. அவருக்கு முகம் மலரவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்று கேட்டார்.

“எலியாவுக்குப் பூகம்பம் பத்தலலே” என்றார்.

கச்சிதமான தீர்ப்பு. கம்ப்ரஸர் இசையை மீட்டர் முள்ளாகத்தான் பார்க்கும், கதை தெரியாது. ஆகவே கையாலேயே செய்தேன். எடிட்டரில் லெவல் கோட்டைப் புள்ளி புள்ளியாக வரைவது. முறை இதுதான்: பெரிய சத்தம் வரும் இடத்தில் அதைக் குறைக்கக் கூடாது. அதற்கு அரை நிமிடம் முன்பிருந்தே மொத்தத்தையும் காது உணராத வேகத்தில், ஐந்து நொடிக்கு ஒரு டெசிபல் என்ற கணக்கில், இறக்கிக்கொண்டு வர வேண்டும். பூகம்பம் விழும்போது அது எங்கிருந்து எழுகிறதோ அந்தத் துள்ளல் அப்படியே இருக்கும், எல்லை மட்டும் மீறாது. மெல்லிய இடத்துக்கும் அதே மாதிரி. அக்கினி அடங்குகிற நொடியில் விழுகிற வீழ்ச்சியைத் தொடக் கூடாது. விழுந்த பிறகு, பாடகர்கள் அடுத்த வாக்கியத்துக்குப் போகும்போது மெதுவாக ஏற்றிக்கொண்டு போகலாம். காது வித்தியாசத்தை அறிவது மாற்றம் நடக்கிற கணத்தில்தான். அந்தக் கணங்களை விட்டுவிட்டு நடுவில் உள்ள சமவெளிகளில் எவ்வளவு வேண்டுமானாலும் நகர்த்தலாம். முழு நிகழ்ச்சியையும் கடைசியில் சராசரிச் சத்தத்துக்கான ஐரோப்பிய ஒலிபரப்பு அளவான மைனஸ் 23 எல்.யூ.எஃப்.எஸ்.ஸுக்குக் கொண்டுவந்தேன். என் பேச்சைச் சராசரி இசையைவிட ஓரிரு டெசிபல் குறைவாகவே வைத்தேன். மெஸ்ஸியானுக்குப் பிறகு அறிவிப்பாளர் குரல் பெரிதாக வந்து இடிப்பதைப்போல எரிச்சலானது வேறில்லை.

ஆர்கனின் அடிமட்டத்துக்குத் தனியாக எதுவும் செய்யவில்லை. 32 அடிக் குழாயின் கடைசிச் சுரம் 16 ஹெர்ட்ஸ். சின்ன ரேடியோவில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் வராது. ஆனாலும் அதோடு சேர்ந்து ஒலிக்கும் மேல் சுரங்களான ஹார்மோனிக்குகளை வைத்து, இல்லாத அடிச் சுரத்தைக் காது தானே கட்டிக்கொள்ளும். பாஸைத் தூக்கிவைத்தால் சின்ன ஸ்பீக்கர் உறுமுமே தவிர இசை கூடாது. மேல் பக்கத்தில்தான் கவனம் வேண்டும். எஃப்.எம்.மில் உயர் அதிர்வெண்களைத் தூக்கி அனுப்பி, ரேடியோவில் இறக்குகிறார்கள். அதனால் ‘சிகுத் செர்வுஸ்’ மாதிரி ‘ஸ்’ நிறைந்த பாட்டில் அந்த எழுத்துகள், சத்தம் எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டரில் போய் மோதும். அந்த இடங்களில் மட்டும் 7,000 ஹெர்ட்ஸுக்கு மேலே லேசாகத் தணித்தேன்.

கோப்பு தயாரானால் போதாது, நிலையத்தின் இயந்திரங்கள் அதை விட்டுவைக்க வேண்டும். அங்கே இரண்டு எதிரிகள். ஒன்று மௌனக் கண்காணிப்பு. சத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சில நொடி இருந்தால் ஏதோ அறுந்துவிட்டது என்று நினைத்து, அவசரத்துக்கு வைத்திருக்கும் பாப் பாட்டுகளைப் போட்டுவிடும். முந்தைய தவக்காலத்தில் ஒரு ஞாயிறு இது நடந்தது. மிக மெல்லிய ஒரு பாட்டின் நடுவே டிரம்ஸ் வந்து விழுந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

நிலையத்தின் தொழில்நுட்பத்தைப் பார்த்துக்கொள்கிறவர் ஓய்வுபெற்ற தொலைபேசிப் பொறியாளர். அவரோடு உட்கார்ந்து அமைப்பைத் திறந்தேன். வரம்பு மைனஸ் 35 டெசிபல் (உச்ச அளவான பூஜ்யத்திலிருந்து கீழே எண்ணுவது), 20 நொடி. நாங்கள் இப்படி யோசித்தோம்: ஆலயத்தில் யாரும் பாடாவிட்டாலும் பதிவில் முழு மௌனம் இருக்காது. காற்று, ஊதுகருவி, யாரோ நகர்வது என்று என் கோப்பில் மிக அமைதியான இடமே மைனஸ் 60 சுற்றி இருந்தது. நிஜமாகவே இணைப்பு அறுந்தால் மைனஸ் 80க்கும் கீழே போகும். வரம்பை இந்த இரண்டுக்கும் நடுவே, மைனஸ் 70இல் வைத்தால் இரண்டும் குழம்பாது. நேரத்தை 30 நொடியாக்கினோம். ஞாயிறு 7 முதல் 8 வரை மட்டும் இந்த அமைப்பு தானாக மாறிக்கொள்ளும்படி அட்டவணையில் சேர்த்தார்.

இரண்டாவது எதிரி பிராசஸர், ஒலிபரப்புக்கு முன் சத்தத்தைச் சரிசெய்யும் நிலையக் கருவி. அதில் தானாக லெவலை ஏற்றும் பகுதி ஒன்று உண்டு. பாட்டு முடிந்து எதிரொலி அடங்கும்போது சத்தம் குறைகிறதே என்று அது ஏற்றிக்கொண்டே வரும். ஆலயத்தின் வெறும் காற்று பூவென்று பொங்கி எழும், அடுத்த பாட்டின் முதல் சுரம் அடித்துவிட்டுப் பிறகு சுருங்கும். கோப்பை எவ்வளவு பொறுமையாக வரைந்தாலும் இது ஒரு நிமிடத்தில் அழித்துவிடும். மாற்று பிராசஸர் ஒன்று அலமாரியில் இருந்தது. அதில் கோப்பை ஓடவிட்டு, வெளியே வருவதைப் பதிவு செய்து கேட்டுக் கேட்டு மாற்றினோம். சத்தம் ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கினால் லெவலை இருந்த இடத்திலேயே உறையவைக்கும் கேட் ஒன்று அதில் இருந்தது. அதன் வரம்பை உயர்த்தினோம். பல பட்டைகளாகப் பிரித்து அமுக்கும் பகுதியைக் கிட்டத்தட்ட ஓய்வில் விட்டோம். கடைசி லிமிட்டர் மட்டும் வேலை செய்யட்டும், சட்டப்படி அலைவரிசை எல்லை மீறாமலிருக்க அது அவசியம். ‘எலியா’ கோரஸின் முடிவைக் கேட்டபோது அவர் ஹெட்போனைக் கழற்றவே இல்லை. மெண்டல்ஸோன் முடிந்து பாமாலையும் முடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

22ஆம் தேதி காலை ஸ்டூடியோவில் இருந்தது நானும் ஒரு கிளாஸ் தண்ணீரும். இடைப்பேச்சை நேரலையில் பேசினேன், எழுதி வைத்திருந்தாலும் பார்த்து வாசிக்கவில்லை. மெஸ்ஸியானின் போது மீட்டர் அசையவே இல்லாததுபோல் கிடந்தது, கண்காணிப்பு விளக்கு பச்சையிலேயே நின்றது. சொனாட்டா எட்டு மணிக்கு நாலு நொடி முன்னால் முடிந்தது. அந்த நாலு நொடியும் எதிரொலிக்குப் போனது, சரியாகச் செய்தி வந்தது.

அத்தை தொலைபேசியில் முதலில் கேட்டது ஆல்டோ தொடங்கிய அந்தப் பாட்டின் பெயரை. பூகம்பம் போதுமானதாக இருந்ததாம். ஆனால் நான் பேசியதை இரண்டு இடத்தில் ஃபேன் சத்தம் விழுங்கிவிட்டது என்றார். என் குரலில் கீழ்ப்பக்கம் அதிகம். பேச்சு மைக்குக்கு 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் தூக்கி வைத்திருக்கிறேன். லெவலை ஏற்றவில்லை.

அடுத்தது 29ஆம் தேதி, புனித பேதுரு, பவுல் திருநாள். பாலஸ்த்ரீனாவின் ஆறு குரல் ‘து ஏஸ் பேத்ருஸ்’ஸும், அதே வார்த்தைகளுக்கு துருஃப்லே 1960இல் எழுதியதும் எடுத்து வைத்தாயிற்று. துருஃப்லே ஒரு நிமிடத்துக்குள் கீழிருந்து உச்சிக்கு ஏறிவிடுகிறது. அதற்கு லெவல் கோட்டை எங்கிருந்து இறக்கத் தொடங்குவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு முந்தைய பாட்டின் நடுவிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும் போலிருக்கிறது.